பூட்டை உடைத்த மேதை ஆலன் டியூரிங்

உங்கள் வீட்டில் லேப்டாப் இருக்கிறதா? பிள்ளைகள் அதில் பாடம் படிப்பார்கள். அம்மா கடைக் கணக்குப் பார்ப்பார். வெளியூரில் இருக்கும் பேரனை அதில் பார்த்துப் பாட்டி மகிழ்வார்.

இத்தனை வேலையையும் நடத்துவது யார்? அந்த எந்திரத்துக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு மானேஜர் இருக்கிறார். எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே என்று உத்தரவு போடுகிறவர் அவர்தான். அவருக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று பெயர். பெரும்பாலான லேப்டாப்பில் கடையில் வாங்கும்போதே "விண்டோஸ்" என்ற மானேஜர் அமர்ந்து இருப்பார்.

அவரை வெளியே அனுப்பாமலே, "லினக்ஸ்" என்ற இரண்டாவது மானேஜரையும் அதே லேப்டாப்பில் குடி வைக்கலாம். காலையில் ஒருவர், மாலையில் மற்றவர் என்று வேலை வாங்கலாம். இது ஓர் அதிசயம்.

இன்னோர் அதிசயமும் உண்டு. லேப்டாப்பில் நாம் எழுதி வைப்பதை எல்லாம் சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டி வைக்கலாம். திருடன் லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு போனாலும் ஒரு வரி கூடப் படிக்க முடியாது. சாவி நம்மிடம் அல்லவா இருக்கிறது!

ஒரே எந்திரம் பல வேடம் போட முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஒருவர். உலகமே உடைக்க முடியாது என்று நினைத்த சங்கேதப் பூட்டை உடைத்தவர்களில் முன் நின்றவரும் அவரே. அவர்தான் ஆலன் டியூரிங். இங்கிலாந்து நாட்டுக் கணித மேதை. 42 வயது கூட நிரம்பாமல் 1954-ம் ஆண்டில் மாண்டு போனார். அவருடைய கதை இது.

போத்தனூரில் பிறந்த தாய்

ஆலனின் தாய் எதல் சாரா ஸ்டோனி, கோவையை அடுத்த போத்தனூரில் 1881-ல் பிறந்தவர். அவருடைய தந்தை எட்வர்டு ஸ்டோனி, மதராஸ் ரெயில்வேயில் தலைமை எஞ்சினீயராக இருந்தார். குன்னூரில் அவர்களுக்கு வீடு இருந்தது.

ஆலனின் தந்தை ஜூலியஸ் டியூரிங், ஐ.சி.எஸ். அதிகாரி. அன்றைய சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார். அண்ணன் ஜான், குன்னூரில்தான் பிறந்தார்.

ஆலன் மட்டும் லண்டனில் பிறந்தார். 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில் தாயும் தந்தையும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறி விட்டார்கள். வெப்பமும் நோயும் குழந்தைக்கு ஆகாது என்று பயந்தார்கள். அண்ணனையும் தம்பியையும் இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியின் வீட்டில் விட்டுச் சென்றார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் அப்படித்தான் செய்தார்கள். தாய் வருவார், சில மாதம் இருப்பார், மறுபடியும் போய் விடுவார். ஆலனின் இளமை இப்படியே கழிந்தது.

சைக்கிளில் பள்ளிக்கூடம்

1926-ம் ஆண்டு மே மாதம். ஆலனுக்கு வயது 13. ஷெர்போர்ன் என்ற ஊரில் உள்ள பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்த்து இருந்தார்கள். பள்ளி திறக்கும் நாளில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரெயில் ஓடவில்லை. பஸ் ஓடவில்லை.

பிரான்சில் இருந்து கப்பலில் வந்த ஆலன், சவுதாம்டன் துறைமுகத்தில் இறங்கினான். அங்கே இருந்து பள்ளிக்கூடம் 60 மைல் தூரம். வேறு பையனாக இருந்தால் திரும்பிப் போய் இருப்பான். ஆலன் சைக்கிளில் ஏறி மிதித்தான். இரவு வழியில் ஒரு விடுதியில் தங்கினான். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் போய் இறங்கினான். அந்தச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது.

ஆனால், வாத்தியார்கள் அவனை மெச்சவில்லை. அந்தப் பள்ளியில் லத்தீன், கிரேக்கம் போன்ற பழைய மொழிகளுக்குத்தான் மதிப்பு. ஆலனோ கணக்கிலும் விஞ்ஞானத்திலும் மூழ்கிக் கிடந்தான். கையெழுத்து கோணல், உடையில் மைக்கறை.

அவனைப் புரிந்து கொண்ட ஒரே தோழன் கிறிஸ்டபர் மார்க்கம். ஒரு வயது மூத்தவன். இருவரும் நட்சத்திரங்களைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள். கிறிஸ்டபருக்குக் கேம்பிரிட்ஜ் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. அங்கே போவதற்கு முன்பே, 1930-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் காசநோயால் இறந்து விட்டான்.

ஆலன் துடித்துப் போனான். தோழனின் தாயாருக்குப் பல ஆண்டுகள் கடிதம் எழுதி வந்தான். உடல் போன பிறகு அறிவு எங்கே போகிறது? அறிவு என்பது என்ன? அது எதில் குடி இருக்கிறது? இந்தக் கேள்விகள் அவன் மனதை விட்டு நீங்கவே இல்லை.

காகித நாடாவில் ஒரு கனவு

1931-ல் ஆலன், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22-வது வயதில் அந்தக் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்து எடுக்கப்பட்டார்.

அப்போது கணித உலகில் ஒரு பெரிய கேள்வி உலவிக் கொண்டு இருந்தது. ஜெர்மன் மேதை டேவிட் ஹில்பர்ட் கிளப்பிய கேள்வி அது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதை நிரூபிக்க முடியுமா, முடியாதா என்று சொல்லி விடக்கூடிய ஒரு பொது வழி உண்டா?

அந்தக் காலத்தில் "கம்ப்யூட்டர்" என்றால் எந்திரம் அல்ல, மனிதர். கணக்குப் போடுவதற்காகச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஆளுக்கு அந்தப் பெயர். அந்த ஆள் என்ன செய்கிறார்? காகிதத்தில் உள்ள எண்ணைப் பார்க்கிறார். விதிப்படி வேறு எண்ணை எழுதுகிறார். அடுத்த இடத்துக்குப் போகிறார். இதை எந்திரம் செய்யாதா என்று ஆலன் யோசித்தார்.

மனதுக்குள் ஓர் எந்திரத்தைக் கட்டினார். ஒரு நீண்ட காகித நாடா. அதில் வரிசையாகக் கட்டங்கள். எந்திரம் ஒரு கட்டத்தைப் பார்க்கும்; எழுதும்; அழிக்கும்; இடப்புறமோ வலப்புறமோ ஒரு கட்டம் நகரும். அவ்வளவுதான்.

இதை வைத்துக் கொண்டு, ஹில்பர்ட் கேட்ட பொது வழி கிடையவே கிடையாது என்று நிரூபித்தார். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் என்ற பேராசிரியரும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து இருந்தார். ஆனால், எந்திரம் என்ற கற்பனை ஆலனுடையது. 1936-ல் அவர் எழுதிய அந்தக் கட்டுரைதான் இன்றைய கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் அஸ்திவாரம்.

அதில் இன்னும் ஒரு விந்தை இருந்தது. மாவு மில் மாவுதான் அரைக்கும். தையல் மெஷின் துணிதான் தைக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எந்திரம் வேண்டும். ஆலன் சொன்னது வேறு. வேலைக் குறிப்பையும் அதே நாடாவில் எழுதி விடுங்கள். கணக்குப் போட்டுச் செய்யக்கூடிய எந்த வேலையையும் ஒரே எந்திரம் செய்து விடும். குறிப்பை மாற்றினால் வேலை மாறி விடும். இரும்பைத் தொட வேண்டியதே இல்லை.

லேப்டாப்பில் இரண்டு மானேஜர்கள் மாறி மாறி வேலை பார்ப்பது இதனால்தான். விண்டோஸ் ஒரு குறிப்பு. லினக்ஸ் மற்றொரு குறிப்பு. எந்திரம் ஒன்றுதான்.

எனிக்மா என்ற பூதம்

1939-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, ஜெர்மனி மீது இங்கிலாந்து போர் தொடுத்தது. மறுநாளே ஆலன், லண்டனுக்கு வடமேற்கே சுமார் 50 மைல் தொலைவில் உள்ள பிளெட்ச்லி பார்க் மாளிகையில் வேலைக்கு ஆஜர் ஆனார். எதிரியின் சங்கேதச் செய்திகளைப் படிப்பது அங்கே வேலை.

ஹிட்லரின் படைகள் "எனிக்மா" என்ற எந்திரத்தால் செய்திகளைப் பூட்டி அனுப்பின. பார்ப்பதற்கு டைப்ரைட்டர் போல இருக்கும். ஓர் எழுத்தை அழுத்தினால், சுழலும் சக்கரங்கள் வழியாக மின்சாரம் ஓடி, வேறு ஓர் எழுத்தின் விளக்கு எரியும். அடுத்த முறை அதே எழுத்தை அழுத்தினால் இன்னொரு விளக்கு எரியும். சக்கரம்தான் நகர்ந்து விட்டதே!

சக்கரங்களையும் ஒயர்களையும் எத்தனை விதமாக அமைக்கலாம்? 1-ஐப் போட்டுப் பக்கத்தில் 20 சைபர் போடுங்கள். அதை விடவும் அதிக விதம். அதில் ஒன்றுதான் அன்றைய சாவி. நள்ளிரவில் சாவி மாறி விடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எனிக்மா எந்திரம் ரகசியம் அல்ல. 1920-களில் அதன் ஒரு வகை வியாபாரிகளுக்கு விற்பனைக்கே வந்தது. எந்திரம் எதிரி கையில் சிக்கினாலும், சாவி சிக்காத வரை பயம் இல்லை என்று ஜெர்மானியர் நினைத்தார்கள். அது சரியான தத்துவம்தான். 1883-ம் ஆண்டிலேயே ஆகுஸ்ட் கெர்க்ஹாப்ஸ் என்ற மொழிப் பேராசிரியர் அதை எழுதி வைத்தார். பூட்டின் அமைப்பு ஊருக்குத் தெரிந்தாலும் பூட்டு நிற்க வேண்டும். சாவி மட்டுமே ரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

அப்படியானால் எனிக்மா ஏன் தோற்றது?

ஓட்டை எங்கே?

முதல் வெற்றி போலந்து நாட்டுக்கு உரியது. மரியான் ரெஜெவ்ஸ்கி என்ற இளம் கணித அறிஞர், 1932-ம் ஆண்டிலேயே எனிக்மாவின் உள் அமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்து விட்டார். போர் நெருங்கிய நேரத்தில், 1939 ஜூலை மாதம், போலந்துக்காரர்கள் தங்கள் ரகசியம் முழுவதையும் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள்.

ஜெர்மானியர் எந்திரத்தைக் கடினமாக்கிக் கொண்டே போனார்கள். ஆலன் புது வழி தேடினார். எனிக்மாவில் ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தும் தானாகவே மாறாது. "அ" என்று அழுத்தினால் "அ" விளக்கு மட்டும் எரியவே எரியாது. மனிதர்களிடமும் ஒரு குறை இருந்தது. தினமும் காலையில் வானிலை அறிக்கை அனுப்புவார்கள். அதில் வானிலை என்ற சொல் இல்லாமல் இருக்குமா?

செய்தியில் இந்தச் சொல் எங்கே இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். ஓர் எழுத்தாவது தானாகவே நின்றால் அந்த இடம் தவறு, தள்ளி விடலாம். மீதி இடங்களை வைத்துக் கொண்டு, பொருந்தாத சாவிகளை ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்ட ஓர் எந்திரத்தை ஆலன் வகுத்தார். சுமார் 7 அடி அகலம். ஆள் உயரத்தை விட அதிகம். ஒரு டன் எடை. அதற்கு "பாம்" என்று பெயர். 1940 மார்ச்சில் முதல் எந்திரம் வந்தது. கார்டன் வெல்ச்மன் என்ற இன்னொரு கணித அறிஞர் செய்த திருத்தத்தால் அதன் வேகம் பல மடங்கு உயர்ந்தது. போர் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட எந்திரங்கள் ஓடின. அவற்றை இயக்கியவர்கள் கடற்படையில் சேர்ந்த இளம் பெண்கள்.

ஆள் போதவில்லை. எந்திரம் போதவில்லை. மேலதிகாரிகளிடம் கேட்டுப் பயன் இல்லை. 1941 அக்டோபரில் ஆலனும் மூன்று தோழர்களும் பிரதமர் சர்ச்சிலுக்கு நேராகவே கடிதம் எழுதினார்கள். கேட்டதை எல்லாம் உடனே கொடுக்கும்படி சர்ச்சில் உத்தரவு போட்டார்.

கடலில் இரண்டு தியாகிகள்

அமெரிக்காவில் இருந்து இங்கிலாந்துக்கு உணவு கொண்டு வந்த கப்பல்களை, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக வந்து மூழ்கடித்தன. அவற்றின் எனிக்மாதான் எல்லாவற்றிலும் கடினம். அந்தப் பூட்டைத் திறக்கும் பொறுப்பை ஆலன் ஏற்றார்.

1942 பிப்ரவரியில் ஜெர்மானியர் நாலாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தார்கள். பிளெட்ச்லி பார்க் இருண்டு போயிற்று. பத்து மாதம் போல ஒன்றும் படிக்க முடியவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, மத்தியதரைக் கடலில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அடிபட்டு மூழ்கிக் கொண்டு இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த டோனி பாசன், காலின் கிரேசியர் இருவரும் நீந்திப் போய் அதற்குள் இறங்கினார்கள். சங்கேதப் புத்தகங்களை எடுத்து மேலே கொடுத்தார்கள். கப்பல் திடீர் என்று மூழ்கியது. இருவரும் வெளியே வரவில்லை. புத்தகங்கள் கரை சேர்ந்தன. டிசம்பர் மாதம் பூட்டு மறுபடியும் திறந்தது.

இந்த வேலையில் ஆலனுடன் பங்கு கொண்டவர் ஜோன் கிளார்க் என்ற கணிதப் பெண்மணி. 1941-ல் இருவருக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்பதை ஆலன் அவரிடம் மறைக்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அவரே அந்த ஏற்பாட்டை முறித்துக் கொண்டார். ஆயினும், இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

காணாமல் போன வெள்ளி

ஆலனின் விசித்திரங்கள் பல. மகரந்தத் தூள் பட்டால் அவருக்குத் தும்மல் வரும். அதனால் விஷவாயு முகமூடியை மாட்டிக் கொண்டு சைக்கிளில் போவார். சைக்கிள் செயின் அடிக்கடி கழன்று விடும். எத்தனை சுற்றுக்கு ஒரு முறை கழலுகிறது என்று எண்ணி, அதற்கு முன்பே இறங்கிச் சரி செய்வார். தேநீர் குடிக்கும் கோப்பையை யாரும் எடுத்துப் போகாமல் இருக்கச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்.

ஜெர்மானியர் படை எடுத்து வந்தால் பாங்குப் பணம் போய் விடும் என்று பயந்தார். 1940-ல் இரண்டு வெள்ளிக் கட்டிகளை வாங்கினார். பிளெட்ச்லி அருகே காட்டுப் புறத்தில் புதைத்தார். இடத்தின் அடையாளத்தைச் சங்கேதத்தில் எழுதி வைத்தார்.

போர் முடிந்தது. தோண்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை. நண்பரை அழைத்துக் கொண்டு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவியுடன் போய்த் தேடினார். அடையாளங்கள் எல்லாம் மாறி விட்டன. ஹிட்லரின் பூட்டை உடைத்த மேதையால், தான் மறைத்த பொருளைத் தானே எடுக்க முடியவில்லை!

லேப்டாப்பில் எப்படி?

இன்று லேப்டாப் வைத்து இருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பூட்டின் சாவியைத் தொலைத்தவர், தம் சொத்துக்குத் தாமே அந்நியர் ஆகி விடுவார். பூட்டுப் போட்ட லேப்டாப்பில் லினக்சையும் குடி வைக்க விரும்புகிறவர்கள் முதலில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

லினக்ஸ் என்பது என்ன? சாம்பார் விற்கும் ஓட்டல், செய்முறையைச் சொல்லாது. விண்டோஸ் அப்படிப்பட்டது. லினக்சின் செய்முறையோ சுவரில் எழுதி வைத்தது போல. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆபரேட்டிங் சிஸ்டத்தை இப்படித் திறந்து வைக்க வேண்டும் என்ற முயற்சியை அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் தொடங்கினார். லினக்சின் மையப் பகுதியைப் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21.

செய்முறை வெளியே தெரிந்தால் பூட்டு பலவீனம் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. கெர்க்ஹாப்ஸ் வகுத்த விதியை நினைத்துப் பாருங்கள். பல பேர் கண்ணில் பட்டால், எனிக்மாவில் இருந்தது போன்ற ஓட்டையைக் கண்டுபிடிக்க வாய்ப்பும் அதிகம். சாவி மட்டும் உங்களிடம் இருந்தால் போதும்.

செய்ய வேண்டிய வேலைகள் இவை:

முதலில், போட்டோக்கள், பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் வேறு ஒரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும்.

அடுத்து, மீட்புச் சாவி. விண்டோஸ் பூட்டான "பிட்லாக்கர்" 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தருகிறது. அதைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்துடன் வைக்க வேண்டும். அதே லேப்டாப்பில் வைத்தால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான்.

மூன்றாவது, இடம். விண்டோசுக்கு உள்ளே இருந்தே அதன் பாகத்தைச் சுருக்கி, லினக்சுக்குக் காலி இடம் ஒதுக்க வேண்டும். வெளியே இருந்து பூட்டிய பாகத்தில் கை வைக்கக் கூடாது. 25 ஜி.பி.க்குக் குறையாமல் இடம் விடலாம். 50 இருந்தால் நல்லது.

நாலாவது, பிட்லாக்கர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு சிறு சிப் காவல்காரன் போல உட்கார்ந்து இருக்கிறது. எந்திரம் தொடங்கும் விதம் மாறினால், அதற்குச் சந்தேகம் வந்து மீட்புச் சாவியைக் கேட்கும். அப்போது கையில் காகிதம் இல்லாவிட்டால் ஆலனின் வெள்ளிக் கட்டி கதைதான்.

பிறகு, லினக்சைப் பென் டிரைவில் ஏற்றி, அதைக் கொண்டு லேப்டாப்பைத் தொடங்க வேண்டும். காலி இடத்தில் நிறுவும் வழியைத் தேர்ந்து எடுக்க வேண்டும். சிலவகை லினக்சில், பூட்டுடன் நிறுவும் சுலபமான வழியைத் தொட்டால், டிஸ்க் முழுவதையும் அழித்து விடும். திரையில் வருவதை முழுவதும் படித்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். லினக்ஸ் பாகத்துக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு போடுங்கள். அதையும் மறக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் விண்டோசில் நிறுத்தி வைத்த பூட்டை மீண்டும் இயக்குங்கள். இனி லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு பெயர்கள் தோன்றும். வேண்டியதைத் தொடலாம். ஆலன் 1936-ல் கண்ட கனவு உங்கள் மடி மீது!

கனவு இரும்பு ஆனது

அந்தக் கனவுக்கு இரும்பில் உருவம் கொடுக்க ஆலனும் பாடுபட்டார். போர் முடிந்ததும் 1945-ல் லண்டன் தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார். ஒரு பெரிய மின்னணுக் கம்ப்யூட்டருக்குத் திட்டம் வரைந்து கொடுத்தார். இவ்வளவு பெரிய எந்திரம் ஓடுமா என்று அதிகாரிகள் தயங்கினார்கள். ஓடும் என்று அவருக்குத் தெரியும். பிளெட்ச்லி பார்க்கில் ஓடியதைக் கண்ணால் கண்டவர். ஆனால், சொல்லக் கூடாது. அரசாங்க ரகசியம்!

வேலை தாமதப்பட்டது. அவர் மனம் சலித்து வெளியேறினார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அந்த ஆண்டு ஜூன் 21-ந் தேதி, குறிப்பையும் தன் நினைவிலேயே வைத்துக் கொள்ளும் மின்னணுக் கம்ப்யூட்டர் முதல் முறையாக ஓடி இருந்தது. அதன் வழியில் வந்த கம்ப்யூட்டரில் வேலை வாங்குவது எப்படி என்று ஆலன் கைப்புத்தகம் எழுதினார்.

எந்திரம் யோசிக்குமா என்று 1950-ல் ஒரு கட்டுரையில் கேட்டார். இன்று செயற்கை அறிவு பற்றிப் பேசுகிற எல்லாரும் அந்தக் கட்டுரையைத் தொட்டே பேசுகிறார்கள். சதுரங்கம் ஆடுவதற்கும் ஒரு குறிப்பு எழுதினார். அதை நடத்த எந்திரம் இல்லை. ஆகவே, 1952-ல் அவரே எந்திரமாக உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காய் நகர்த்தினார். ஒரு காய்க்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஆட்டத்தில் தோற்றார்!

நன்றி கெட்ட தண்டனை

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. ஆலன் போலீசில் புகார் செய்தார். விசாரணையில், ஓர் இளைஞருடன் தமக்கு இருந்த உறவை அவர் மறைக்காமல் சொன்னார். அந்தக் காலத்தில் அங்கே அது குற்றம். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

ஜெயிலா, அல்லது ஆசையை அடக்கும் மருந்தா என்று கோர்ட்டு கேட்டது. அவர் மருந்தை ஏற்றார். ஓர் ஆண்டு காலம் அந்த மருந்து அவர் உடம்பைக் குலைத்தது. அரசாங்க ரகசிய வேலையில் இருந்தும் விலக்கப்பட்டார். நாட்டுக்குத் தாம் செய்தது என்ன என்று கோர்ட்டில் சொல்ல அவருக்கு வழி இல்லை. அதுவும் ரகசியம்!

1954 ஜூன் 7-ந் தேதி, வில்ம்ஸ்லோ என்ற ஊரில் தம் வீட்டில் ஆலன் இறந்தார். மறுநாள் வேலைக்காரப் பெண்மணி வந்து பார்த்தார். படுக்கை அருகில் பாதி தின்ற ஆப்பிள் பழம் கிடந்தது. சயனைடு விஷத்தால் மரணம். தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். பழத்தைச் சோதிக்கவே இல்லை. வீட்டில் ரசாயன ஆராய்ச்சி செய்யும்போது தவறுதலாக விஷம் ஏறி விட்டது என்றே தாய் கடைசி வரை நம்பினார்.

தாய் எழுதிய புத்தகம்

போத்தனூரில் பிறந்த அந்தத் தாய், மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி 1959-ல் வெளியிட்டார். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனது அவருக்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் பெருமையும் தெரியும். ஆனால், போர்க் காலத்தில் மகன் செய்தது என்ன? முக்கியமான வேலை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எனிக்மா பற்றிய ரகசியம் 1974-ல்தான் வெளி உலகத்துக்கு வந்தது. மகன் இறந்து 20 ஆண்டுகள் கழிந்து விட்டன.

பிறகு மரியாதைகள் வந்தன. கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசுக்கு 1966 முதலே அவர் பெயர்தான். 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன், அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் ராணி எலிசபெத், ஆலனின் தண்டனையை மன்னித்தார். அதே சட்டத்தால் தண்டிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பேருக்கு 2017-ல் மன்னிப்பு கிடைத்தது. 2021-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, ஆலன் பிறந்த நாள் அன்று, அவர் படம் போட்ட 50 பவுன் நோட்டு வெளி வந்தது.

இவை ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. சொத்தையும் பேச்சையும் பூட்டி வைக்க ஒவ்வொருவருக்கும் இன்று வசதி இருக்கிறது. வாங்கிய எந்திரத்தில் தமக்குப் பிடித்த மானேஜரை அமர்த்திக் கொள்ளவும் சுதந்திரம் இருக்கிறது. இதற்கு எல்லாம் வழி காட்டியவருக்கு, தம் சொந்த வாழ்க்கையைத் தம் விருப்பப்படி வாழ உரிமை இல்லாமல் போயிற்று. அடுத்த முறை லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போடும்போது, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.